மாயாவிக்கு எத்தனை தலை உயரம்? எல்லைப்புறத்தில் சாகச நாயகர்களை வரையக் கற்கும் கலை: ஒரு விளக்கம்

பாலக்காடு: கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், மறையூர், பீர்மேடு ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளும் இப்பகுதிகளில் இயங்குகின்றன. இங்கு வளரும் சிறுவர்களுக்குச் சாகச நாயகர்கள் இரண்டு மொழிகளில் அறிமுகமாகின்றனர். 2021 டிசம்பரில் வெளியான 'மின்னல் முரளி', 2025 ஆகஸ்டில் வெளியான 'லோகா' ஆகிய மலையாளத் திரைப்படங்களுக்குப் பின்னர் உள்ளூர் மண்ணிலும் ஒரு சூப்பர் ஹீரோ பிறக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றுள்ளது. அந்த எண்ணத்தைக் காகிதத்தில் கொண்டுவர முயலும் மாணவர் பலரும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றனர். முகம் அழகாக அமைகிறது, தசைகளும் புடைத்து நிற்கின்றன. ஆனால் உருவம் நிற்கவில்லை, ஓடவில்லை, பறக்கவில்லை.

இதற்கான காரணம் என்ன, அதைச் சரிசெய்யும் வழிகள் எவை, அவ்வழிகளில் எவ்வளவு இந்த எல்லைப்புறத்திலேயே கிடைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று மாயாவிகள்

எல்லைப்புற வாசகருக்கு 'மாயாவி' என்ற சொல் குறைந்தது மூன்று உருவங்களை நினைவூட்டும். முதலாமவர் இரும்புக்கை மாயாவி. 1972-இல் சிவகாசியிலிருந்து தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழின் நாயகர் இவரே. பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-இல் தொடங்கிய இக்கதைக்கு ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். இரண்டாமவர் ராணி காமிக்ஸ் வழியாகத் தமிழில் பரவிய முகமூடி வீரர் மாயாவி. லீ பாக் 1936 பிப்ரவரியில் உருவாக்கிய 'பேண்டம்' என்பதே இவரது மூலப் பெயர். மூன்றாமவர் மலையாளச் சிறுவர் இதழான 'பாலரமா'வில் 1984 முதல் வாழ்ந்துவரும் குட்டிச்சாத்தான் மாயாவி. எம்.மோகன்தாஸின் கைவண்ணத்தில் உருவான அவர், கொம்பும் வாலும் கொண்ட சிறுவர்.

பெயர் ஒன்றாயினும் இம்மூவரின் உடல்கள் முற்றிலும் வேறானவை. இரும்புக்கை மாயாவி தெருவில் எதிர்ப்படும் மனிதரின் உடலமைப்பைக் கொண்டவர். முகமூடி வீரர் அகன்ற தோளும் சிறிய தலையும் நீண்ட கால்களும் உடையவர். பாலரமாவின் மாயாவிக்குத் தலை பெரிது, உடல் சிறிது. ஒரே பாணியில் மூவரையும் வரைய முனையும் மாணவருக்கு மூவருமே கைகூடாமல் போவதற்கு இதுவே காரணமாகும். எந்த உருவத்தை வரையத் தொடங்கினாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த உடல் எத்தனை தலை உயரம் கொண்டது என்பதே.

தலையே அளவுகோல்

உச்சி முதல் முகவாய் வரையுள்ள நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு முழு உடலையும் அளப்பது ஓவியக் கல்வியில் பரவலாகப் பின்பற்றப்படும் முறை. வளர்ந்த மனிதரின் சராசரி உயரம் ஏழரைத் தலை. அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் 1943-இல் வெளியிட்ட உருவ வரைதல் நூலில் இலட்சிய உருவத்துக்கு எட்டுத் தலையும் வீர உருவத்துக்கு ஒன்பது தலையும் கொடுக்கிறார். மார்வெல் நிறுவனத்தின் ஸ்டான் லீயும் ஓவியர் ஜான் புசேமாவும் 1978-இல் வெளியிட்ட பயிற்சி நூலில் சூப்பர் ஹீரோவின் உயரம் எட்டேமுக்கால் தலை எனக் கூறப்பட்டுள்ளது.

இந்த வேறுபாடு காகிதத்தில் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 24 செ.மீ. உயரமுள்ள உருவத்தில் ஏழரைத் தலை என்றால் தலையின் நீளம் 3.2 செ.மீ. எட்டுத் தலை என்றால் 3 செ.மீ. எட்டேமுக்கால் என்றால் ஏறத்தாழ 2.7 செ.மீ. மட்டுமே. அண்டை வீட்டுக்காரருக்கும் உலகைக் காப்பவருக்கும் இடையே உள்ள தூரம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. தலையை முதலில் வரைந்துவிட்டு, கீழே இடம் போதாமல் கால்களைச் சுருக்கும் மாணவர், அறியாமலேயே தமது நாயகனை ஐந்தரைத் தலை உயரமுள்ள சிறுவனாக மாற்றிவிடுகிறார். தசைகளை எவ்வளவு செதுக்கினாலும் இப்பிழை மறைவதில்லை.

எட்டுத் தலை அளவில் மார்புக் காம்புகள் இரண்டாம் தலையின் முடிவிலும், தொப்புள் மூன்றாம் தலையின் முடிவிலும், கால்கள் பிரியும் இடம் நான்காம் தலையின் முடிவிலும் அமையும். முழங்கால் ஆறாம் தலையை ஒட்டி வரும். கைகளைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்பின் மட்டத்திலும் மணிக்கட்டு கால்கள் பிரியும் மட்டத்திலும் நிற்கும். தோளின் அகலம் ஏறத்தாழ இரண்டு தலை நீளம். சாகச நாயகருக்கு இது இன்னும் விரியும். விரித்த உள்ளங்கையை முகத்தில் வைத்துப் பார்த்தால், அது முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை எட்டுவதைக் காணலாம். கண்ணாடி முன் ஒரு நிமிடம் நின்றால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிபார்த்துவிட முடியும்.

தெய்வத்தை விஞ்சிய நாயகன்

இந்த அளவு முறை மேலைநாட்டிலிருந்து மட்டுமே வந்தது எனக் கருதுவது தவறு. கோயில் சிற்பிகள் பின்பற்றும் தாலமானம் இதே தத்துவத்தில் அமைந்தது. ஒரு தாலம் என்பது முகத்தின் நீளம், அல்லது மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரையுள்ள கையின் நீளம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். இது சிற்ப அங்குலம், இஞ்ச் அன்று. திருமால், சிவன் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலமாக 124 பாகங்கள், தேவியருக்கு மத்திம தசதாலமாக 120 பாகங்கள், அடுத்த நிலைத் தேவர்களுக்கு அதம தசதாலமாக 116 பாகங்கள் விதிக்கப்பட்டுள்ளன. பிள்ளையாருக்குப் பஞ்சதாலம்.

உத்தம தசதாலத்தில் தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4 எனக் கால் பகுதி மொத்தம் 62 பாகங்களாகிறது. இது 124-இல் சரிபாதி. உடலின் நடு, கால்கள் பிரியும் இடத்திலேயே அமைகிறது. லூமிஸின் எட்டுத் தலை உருவத்திலும் நடு அங்குதான் வருகிறது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'தசதாலம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் பத்துத் தலை உயரம் என்று பொருள்கொள்ளத் தோன்றும். தாலம் முகத்தின் அளவே தவிர முழுத் தலையின் அளவு அன்று. முகத்துக்கு மேலுள்ள உச்சிப் பகுதிக்குத் தனியாக 4 பாகங்கள் உண்டு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 124 பாக உருவம் ஏழு தலைக்குச் சற்று மேலாக மட்டுமே வரும். சிற்ப நூல்களின் பெருந்தெய்வம் ஏறத்தாழ மனித அளவிலேயே நிற்க, காமிக்ஸ் நாயகர் எட்டேமுக்கால் தலைக்கு உயர்ந்துவிடுகிறார். கருவறையில் அளவும் அமைதியும் போதுமானவை. பத்துப் பைசா அகலக் கட்டத்துக்குள் ஒருவர் கட்டடத்தைத் தூக்க வேண்டுமெனில் மிகைப்படுத்தல் தேவைப்படுகிறது.

நிற்கும் முறைக்கும் சிற்பிகளிடம் தனிச் சொற்கள் உண்டு. நேராக நிற்பது சமபங்கம். ஒரு காலில் எடை சாய்ந்து இடை சற்றே வளைவது ஆபங்கம். தலை, உடல், கால் ஆகியவை மூன்று திசைகளில் வளைவது திரிபங்கம். போரிலும் தாண்டவத்திலும் உடல் முறுக்கி வளைவது அதிபங்கம். சூப்பர் ஹீரோ வரைபவருக்கு வேண்டியது பெரும்பாலும் நான்காவது வகை. மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குகையில் துர்க்கை வில்லேந்தி முன்னேற, எருமைத்தலை அசுரன் பின்னோக்கிச் சாயும் 7-ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம், தாக்குதலையும் பின்வாங்கலையும் இரண்டு சாய்கோடுகளால் சொல்லிவிடுகிறது. ஒரு சண்டைக் கட்டத்தை எப்படி அமைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எளிதில் கிடைக்காது.

முதலில் கோடு, பிறகு எந்திரன், கடைசியில் தசை

உருவம் உயிரற்றுத் தோன்றுவதற்கு அளவுப் பிழை மட்டுமே காரணம் அன்று. அளவு சரியாக இருந்தும் மரப்பாச்சி போல் நிற்கும் உருவங்கள் ஏராளம். தலையில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக முடித்துக்கொண்டே கீழே இறங்குவதால் இந்நிலை ஏற்படுகிறது. தேர்ந்த ஓவியர்கள் தலைகீழான வரிசையைப் பின்பற்றுகின்றனர். உடலின் முழு விசையையும் தாங்கும் ஒற்றை வளைகோட்டை முதலில் இடுகின்றனர். இதைச் செயற்கோடு எனலாம். எறியும் உடலுக்கு அது வில்லைப் போல் பின்னோக்கி வளையும். ஓடும் உடலுக்கு முன்னோக்கிச் சாயும். இடுக்கி மாவட்டம் மறையூர்ப் பகுதியின் பாறை மறைவிடங்களில் காணப்படும் தொல்பழங்கால ஓவியங்களில் மனித, விலங்கு உருவங்கள் சில தீற்றல்களிலேயே முடிந்துவிடுகின்றன. தசையும் முகமும் இன்றியும் ஓர் உருவம் இயங்க முடியும் என்பதற்கு அவை சான்று.

கோட்டுக்கு அடுத்தபடி பருமன். இதற்குத் தமிழ்க் காமிக்ஸ் வாசகர் நன்கறிந்த ஒருவர் கைகொடுப்பார். லயன் காமிக்ஸில் வந்த எந்திர மனிதன் ஆர்ச்சியின் உடல் உருளைகளாலும் பெட்டிகளாலும் ஆனது. கை ஓர் உருளை, மார்பு ஒரு பெட்டி, மூட்டு ஓர் உருண்டை. எந்த நாயகரை வரைய விரும்பினாலும் அதே நிலையில் ஆர்ச்சியை முதலில் வரைந்துவிட்டு, அதன்மேல் தசையைப் போர்த்துவது சிறந்த பயிற்சி. உருளையைத் திருப்பி வரையத் தெரிந்தவருக்கு, வாசகரை நோக்கி நீளும் முட்டியையும் வரைய முடியும். முட்டி பெரிதாகவும், முன்கை குறுகியும், தோள் அதன் பின்னே பாதி மறைந்தும் தோன்றும் இக்குறுக்கத் தோற்றத்தை உருளைகள் இன்றிக் கற்பது மிகக் கடினம்.

தசைகள் இதற்குப் பின்னரே வருகின்றன. டார்சான் தொடரை வரைந்த பேர்ன் ஹோகார்த்தின் உருவங்களில் ஒவ்வொரு தசையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதற்கு மாறாக, ஸ்டீவ் டிட்கோ 1962-இல் வரைந்த ஸ்பைடர் மேன் ஒல்லியான பள்ளி மாணவர். அவருடைய வலிமை அவர் வளையும் விதத்தில் வெளிப்படுகிறது. எல்லா நாயகருக்கும் ஒரே மார்பும் ஒரே புயமும் பொருத்துவது, எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே வசனம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

இயங்கும் உடலைப் பார்த்து விரைந்து வரைவதே இதற்கான அன்றாடப் பயிற்சி. கைமன் நிக்கோலைடிஸின் 1941-ஆம் ஆண்டு நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. அரை நிமிடம், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என நேரம் வகுத்துக்கொண்டு, உருவம் எப்படி இருக்கிறது என்பதை விட, அது என்ன செய்கிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. மூணாற்றுத் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண் தொழிலாளரின் உடல், மேட்டுப்பக்கக் கால் மடங்கி, பள்ளத்துப்பக்கக் கால் ஊன்றி, முதுகுச் சுமைக்கு ஈடாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்தளத்தில் எடையைச் சமன்செய்யும் அந்நிலை, கட்டடச் சுவரில் ஊன்றி நிற்கும் எந்தச் சூப்பர் ஹீரோவின் நிலைக்கும் குறைந்ததன்று. களரிப்பயிற்றில் யானை, சிங்கம், பாம்பு, மயில் முதலிய விலங்குகளின் பெயரால் அமைந்த வடிவுகளும் சண்டைக் காட்சிகளுக்கு ஆயத்த மாதிரிகளாக உள்ளன. அச்சிட்ட காமிக்ஸைப் பார்த்து நகலெடுப்பது கையைப் பழக்கும். ஆனால் நகலில், வேறொருவர் பார்த்து முடித்ததை மட்டுமே மாணவர் பெறுகிறார்.

நிழலாகவும் தெரிய வேண்டும்

காமிக்ஸ் ஓவியர்கள் தமது உருவம் சரியாக அமைந்துள்ளதா என அறிய, அதை முழுவதும் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பதுண்டு. நிழலுருவை மட்டும் கண்டே யார், என்ன செய்கிறார் என்பது விளங்கினால் நிலை சரியானது. உடலுக்குள் மறைந்த கை, தலையோடு ஒட்டிய ஆயுதம் ஆகியவை இச்சோதனையில் உடனே பிடிபடும்.

இச்சோதனையை நூற்றாண்டுகளாகத் தேர்ந்த கலைஞர்கள் பாலக்காட்டிலேயே உள்ளனர். பாலக்காடு மாவட்டத்திலும் அதை ஒட்டிய திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலும் பத்ரகாளி கோயில்களில் நடைபெறும் தோல்பாவைக்கூத்து, கம்பராமாயணத்தை நிழலுருவங்களால் நிகழ்த்தும் கலை. தாரிகனுடன் போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண இயலாமற்போன காளிக்காக இக்கூத்து நிகழ்த்தப்படுகிறது என்பது ஐதிகம். கூத்துமாடம் எனப்படும் 42 அடி நீள நிலையான மேடையில், திரைக்குப் பின்னே 21 விளக்குகள் வரிசையாக ஏற்றப்படும். கோயில் வழக்கத்துக்கு ஏற்ப 7 இரவுகள் முதல் 21 இரவுகள் வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் கதை நீளும். பாடப்படுவது கம்பனின் தமிழ். விளக்கவுரையில் மலையாளமும் வடமொழியும் கலந்திருக்கும். நிகழ்த்துவோர் புலவர் எனப்படுகின்றனர்.

உருவ வரைதல் பயில்பவருக்கு இப்பாவைகள் கூறும் செய்தி முக்கியமானது. பெரும்பாலான பாவைகளில் ஒரு கை மட்டுமே அசையும். முகம் பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். முகபாவத்தை மாற்ற வழியில்லை. எனவே முதன்மைப் பாத்திரங்களுக்கு அமர்ந்த நிலை, நின்ற நிலை, நடக்கும் நிலை, போரிடும் நிலை எனத் தனித்தனிப் பாவைகள் செய்யப்படுகின்றன. உணர்ச்சி முழுவதும் உடல்நிலையின் பொறுப்பு. அணிகலன்களும் ஆடை மடிப்புகளும் தோலில் துளையிடப்பட்டு ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். கறுப்பு உருவுக்குள் வெள்ளைக் கோட்டால் விவரம் சொல்லும் அந்த உத்தியைக் கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் ஓவியர்கள் இரவுக் காட்சிகளில் கையாள்கின்றனர்.

இக்கலை நெருக்கடியில் உள்ளது. பாவைகள் மரபாக மான்தோலில் செய்யப்பட்டவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் கலைஞர்கள் ஆட்டுத்தோல் போன்ற மாற்றுத் தோல்களுக்கு மாறினர். இரவு முழுவதும் அமர்ந்து பார்ப்போர் அருகி, காளியை மட்டுமே முன்னிருத்திப் பல இரவுகள் கழிகின்றன. தோலில் உருவம் வரைந்து, வெட்டி, துளையிடும் முழு அறிவும் ஒருசில குடும்பங்களிடமே எஞ்சியுள்ளது. ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கே.கே.ராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்களே நிகழ்த்திவந்த இக்கூத்தை அண்மைக் காலத்தில் பெண்கள் குழுவும் நிகழ்த்தத் தொடங்கியுள்ளது. கம்பனின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட எல்லைப்புற மாணவர், இந்தக் கூத்துமாடத்தின் முன் ஒரு நோட்டுப்புத்தகத்துடன் அமர்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

கோட்டில் பிறந்த பீமன்

பாலக்காடு மாவட்டம் கூடல்லூரில் பிறந்த எம்.டி.வாசுதேவன் நாயர், மகாபாரதத்தைப் பீமனின் பார்வையில் எழுதிய 'ரண்டாமூழம்' நாவல் 1980-களில் 'கலாகௌமுதி' இதழில் தொடராக வந்தபோது, அதற்குப் படம் வரைந்தவர் பொன்னானியில் பிறந்த ஓவியர் நம்பூதிரி. சென்னைக் கலைப்பள்ளியில் டி.பி.ராய் சௌத்ரி, கே.சி.எஸ்.பணிக்கர் ஆகியோரிடம் பயின்ற அவர், 2023 ஜூலையில் காலமானார். இந்தியாவின் மிகப்பெரிய பலசாலியை அவர் வரைந்த விதம் காமிக்ஸ் பயில்பவரின் கவனத்துக்கு உரியது. நிழல் தீட்டல் குறைவு, தசை விவரம் குறைவு. நீண்ட, தடையற்ற புறக்கோடு தோளிலிருந்து இடை வழியே தொடைக்கு இறங்கும்போதே உடலின் எடை உணரப்படுகிறது. வலிமையைக் காட்டக் கோடுகளைக் கூட்ட வேண்டியதில்லை என்பதற்கு நம்பூதிரியின் பீமன் உதாரணம்.

கைகள் குறித்தும் ஒரு சொல். மாணவர்கள் நாயகரின் கைகளை முதுகுக்குப் பின்னே மறைப்பதும், கால்சட்டைப் பைக்குள் நுழைப்பதும் உலகெங்கும் காணப்படும் தந்திரம். இரும்புக்கை மாயாவியின் கதையில் அதற்கு வழியே இல்லை. மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அக்கை கதவைத் திறக்கிறது, துப்பாக்கியைப் பறிக்கிறது, எதிரியின் கழுத்தைப் பிடிக்கிறது. கோபமும் அவசரமும் தயக்கமும் ஐந்து விரல்களிலேயே வெளிப்பட்டாக வேண்டும். பழைய இதழ் ஒன்று கிடைத்தால், பிளாஸ்கோ வரைந்த கைகளை மட்டும் ஒரு பக்கத்தில் தொகுத்து வரைந்து பார்க்கலாம். பிறகு தமது இடக்கையையே மாதிரியாக வைத்து வரையலாம். உள்ளங்கையை ஒரு தட்டையான பெட்டியாகவும், நான்கு விரல்களை ஒரே தொகுதியாகவும், கட்டைவிரலைத் தனியாகவும் அமைத்துக்கொண்டு தொடங்கினால் சிக்கல் பாதியாகக் குறையும்.

தேர்வும் போட்டியும்

1957-இல் தொடங்கிய கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் பென்சில் ஓவியம், நீர்வண்ணம், கார்ட்டூன் ஆகியவை தனித்தனிப் போட்டிகளாக உள்ளன. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியமும் ஒரு பாடம். நுண்கலைக் கல்லூரிகளின் செய்முறை நுழைவுத் தேர்வுகளில் மனித உருவம் வரையும் திறன் சோதிக்கப்படுவது வழக்கம். இவற்றில் கொடுக்கப்பட்ட நேரத்துக்குள், பார்த்து வரைய அச்சுப் படம் ஏதுமின்றி, மனத்திலிருந்தோ எதிரே அமர்ந்திருப்பவரைப் பார்த்தோ வரைய வேண்டியிருக்கும். நகலெடுத்து மட்டுமே பழகிய கை தடுமாறுவது இங்குதான்.

செலவைப் பொறுத்தவரை இக்கலை எளியது. எச்.பி., 2பி, 4பி என மூன்று பென்சில்களும், ஒருபக்கம் அச்சான பழைய தாள்களும் தொடக்கத்துக்குப் போதும். மை தீட்டும் பயிற்சிக்கு ஒரு மெல்லிய தூரிகையும் கறுப்பு மையும் தேவைப்படும். ஒவ்வொரு தாளிலும் தேதியிட்டு வைத்தால், மூன்று மாதங்களுக்குப் பின் திருப்பிப் பார்க்கும்போது தலையின் அளவு குறைந்துவந்திருப்பது தெரியும். பாலக்காட்டுக் கோயில்களின் கூத்துமாடங்களில் விளக்கேற்றும் பருவம் ஜனவரியில் தொடங்கி மே மாதம் வரை நீடிக்கிறது.